கும்பகோணத்தில் ஒரு தீபாவளி - நெஞ்செரிச்சல் இல்லாமல்!

தீபாவளி என்றதும் குழந்தைகளுக்குப் பட்டாசு, பெரியவர்களுக்குப் புதுத்துணி. இல்லத்தரசிகளைக் கேட்டுப் பாருங்கள். ‘பட்சணம், அடுப்படி, அதற்கப்புறம் இரண்டு நாள் நெஞ்செரிச்சல்’ என்பார்கள். தீபாவளி மட்டுமா? பொங்கல், கல்யாணம், சீமந்தம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புளித்த ஏப்பம், தொண்டை வரை எதுக்களிப்பு, படுத்தால் மார்பில் தீ வைத்தாற்போல் ஓர் எரிச்சல். ‘பண்டிகை என்றால் அப்படித்தான்’ என்று நாமும் பழகிப் போய் விட்டோம்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கும்பகோணத்தில் இருக்கும் என் புகுந்த வீட்டில், 20 பேருக்கு இலை போட்டும், பட்சணத்தில் ஒரு குறையும் வைக்காமலும், யாரும் மார்பைத் தடவிக் கொண்டு உட்காராத தீபாவளியை 2025-ஆம் வருஷம் கொண்டாடி விட்டு வந்தேன். அந்த ஊரையும், அந்த வீட்டு வழக்கத்தையும் பற்றி நம் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே

சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாக ரயில் கும்பகோணத்துக்குள் நுழையும்போதே வயல் வாசனை வந்து விடும். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நடுவில் கோயில்களும் தெருக்களுமாக ஊர். ஐப்பசி மாதமாதலால் தூறல் விட்டு விட்டுப் பெய்து கொண்டிருந்தது. ஐப்பசியில் காவிரியில் நீராடுவதைத் துலா ஸ்நானம் என்று விசேஷமாகச் சொல்வார்கள். விடிகாலையில் பகவத் படித்துறைக்குப் போனால், ஈரப்புடவையுடன் படியேறி வரும் மாமிகள் யாரானும் ஒருவர் கட்டாயம் எதிர்ப்படுவார்.

சாரங்கபாணி கோயிலின் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கொண்டே சன்னதித் தெருவில் நடந்தால், கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. திண்ணை, கூடம், முற்றம் என்று பழைய கும்பகோணம் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்து கொள்ள அதைப் பார்த்தால் போதும். என் புகுந்த வீடும் ஏறக்குறைய அதே அமைப்புதான், இன்னும் கொஞ்சம் பெரிது.

இந்த ஊரில் காலை வைத்ததும் மூக்கைத் துளைப்பது காபி. தண்ணீர் கலக்காத பால், முதல் டிகாக்ஷன், பித்தளை டபரா டம்ளர். கும்பகோணம் டிகிரி காபி என்று ஊர் ஊராய்ப் போர்டு போட்டுக் கொள்கிறார்களே, அதன் பிறந்த வீடு இதுதான். எங்கள் ஓர்ப்படி ஆற்றிக் கொடுத்த முதல் டம்ளரை வாங்கும்போதே என் மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்து விட்டார்:

“வெறும் வயத்துல குடிக்காதேடி. ஒரு இட்லி சாப்ட்டுட்டுக் குடி!”

மாமியாருக்கு வயது 74. அவர் இப்படிச் சொல்ல ஆரம்பித்தது சில வருஷங்களாகத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மருந்து வாங்கப் போனோம்

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பெரிய கடைத் தெருவுக்குப் போனோம். ஒரு பக்கம் பளபளவென்று பித்தளைப் பாத்திரங்கள், இன்னொரு பக்கம் ஜவுளிக் கூட்டம். அதற்கிடையில் நாட்டு மருந்துக் கடை. அதற்குள் நுழைந்தால் தீபாவளி வாசனையே வேறு. சுக்கு, மிளகு, ஓமம், சித்தரத்தை, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி என்று சாமான்களை அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டி, ‘தீபாவளி மருந்து’ என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுத்து விடுகிறார்கள்.

நம் பக்கத்துத் தீபாவளியின் அழகே இதுதான். பட்சணம் செய்யும்போதே அதற்கான மருந்தையும் கிளறி வைத்து விடுகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து விட்டு வந்ததும் பெரியவர்கள் முதலில் கையில் வைப்பது அந்த லேகியத்தைத்தான், மைசூர்பாகை அல்ல. வயிறு நிறையத் தின்னப் போகிறாய், அதற்குத் தயாராக இரு என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி!

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லேகியம் மந்தத்துக்கு மருந்து. வயிறு கனத்துக் கிடக்கிறது, பசியில்லை, வாயு சேர்ந்திருக்கிறது என்றால் சுக்கும் ஓமமும் இதம் தரும். நெஞ்செரிச்சல் என்பது வேறு. ஏற்கெனவே எரிகிற மார்புக்கு மிளகும் திப்பிலியும் சேர்ந்தால் சிலருக்கு எரிச்சல் கூடும். என் நாத்தனாருக்கு அப்படித்தான். அவள் வருஷா வருஷம் நாக்கில் தடவிச் சாஸ்திரத்துக்குச் சாப்பிடுவதோடு சரி. லேகியம் சாப்பிட்டாயிற்று, இனி எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்று நினைப்பதும் தப்பு.

மதகு சரியாக மூட வேண்டும்

இந்த எரிச்சல் எப்படி வருகிறது? எங்கள் குடும்ப டாக்டரம்மா எனக்குச் சொன்னதை, தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி நான் இப்படிச் சொல்வேன். வாய்க்காலில் மதகு இருக்கிறதல்லவா? அது போல உணவுக் குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் வளையம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், உடனே மூடிக் கொள்ளும். இரைப்பையில் சுரக்கும் அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குத் தனிப் பூச்சு உண்டு. உணவுக் குழாய்க்கு அது கிடையாது. மதகு சரியாக மூடாமல் அமிலம் மேலே ஏறினால், போகிற வழியெல்லாம் எரிகிறது. மார்பில் எரிந்தாலும் கோளாறு இருதயத்தில் இல்லை. இரைப்பைக்கு மேலே இருக்கிற மதகில்.

மதகு ஏன் கசிகிறது? வயிற்றைத் தளும்பத் தளும்ப நிரப்பினால் கசியும். நெய்யும் எண்ணெயும் மிகுந்த பண்டங்கள் இரைப்பையை விட்டு இறங்க நேரமாகும். அது வரை கசிவுக்கு இடமுண்டு. காபி, சாக்லேட், புதினா, மதுபானம், புகை இவையெல்லாம் பலருக்கு அந்தத் தசையைத் தளர்த்தும். சாப்பிட்ட கையோடு படுத்தால் கேட்கவே வேண்டாம். குனிந்து கூடம் பெருக்கினாலும், கோலம் போட உட்கார்ந்தாலும் வயிறு நசுங்கி அமிலம் மேலே வரும்.

இன்னொன்று, நாம் கவனிக்காதது: உள்பாவாடை நாடா! பட்டுப் புடவை நழுவாமலிருக்க இறுக்கிக் கட்டி, அதன் மேல் கொசுவம் செருகி, அப்படியே விருந்துக்கு உட்கார்ந்தால் வயிறு எங்கே போகும்? சாப்பாட்டுக்கு முன் நாடாவைக் கொஞ்சம் தளர்த்திக் கொள்ளுங்கள். காசு செலவில்லாத மருந்து இது.

கடைசியாகச் சாப்பிடுகிறவள்

இதெல்லாம் எல்லோருக்கும் பொது. ஆனால் பண்டிகை நாளில் வீட்டில் யாருக்கு எரிச்சல் அதிகம் என்று கவனித்திருக்கிறீர்களா? நன்றாக உட்கார்ந்து இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்ட சித்தப்பாவுக்கு அல்ல. சமைத்தவளுக்குத்தான்.

அவளுடைய நாளைப் பாருங்கள். விடிகாலை 3 மணிக்கு எழுந்திருக்கிறாள். 4 மணிக்குக் காபி. 7 மணிக்கு இன்னொரு காபி. எல்லோருக்கும் இட்லி போட்டு விட்டுத் தான் சாப்பிட நேரமில்லாமல் மூன்றாவது காபி. அடுப்பருகே நின்று எண்ணெய்ப் புகையை முகர்ந்தே பசி கெட்டு விடுகிறது. உப்புப் பார்க்க ஒரு வாய், பதம் பார்க்க ஒரு விள்ளல். இலை போட்டுப் பரிமாறி, கடைசிப் பந்தி முடிந்து அவள் உட்காரும்போது மணி மூன்று. காய்ந்து கிடந்த வயிற்றில் அவசர அவசரமாக, மெல்லாமல் கொள்ளாமல் சாப்பாடு. ராத்திரியும் அதே கதை: எல்லோரும் சாப்பிட்டு, சமையலறை அலம்பி, 10 மணிக்குச் சாப்பிட்டு, அலுப்பில் 10-30க்குப் பாயில் சாய்கிறாள். இவளுக்கு நெஞ்செரியாமல் யாருக்கு எரியும்?

என் மாமியாரின் ஓர்ப்படி, நாங்களெல்லாம் பெரியம்மா என்று கூப்பிடுவோம், இப்படி வாழ்ந்தவர். அவர் கை பட்ட முள்ளுத் தேன்குழல் வாயில் போட்டால் கரையும். ஒவ்வொரு பண்டிகை ராத்திரியும் சமையலறைப் படியில் உட்கார்ந்து சோடா குடிப்பது அவர் வழக்கம். “நேக்கு இது இல்லாட்டாப் பண்டிகையே இல்லை” என்று சிரிப்பார்.

2019 தீபாவளிக்கு நாங்கள் போகவில்லை. மாமியார் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கும் ராத்திரி 10 மணிக்குத்தான் சாப்பிட்டாராம். ஒரு மணி நேரத்தில் மார்பில் வலி, முதுகு வரை. வியர்த்துக் கொட்டியிருக்கிறது. வழக்கமான எரிச்சல்தானே என்று சோடா கொடுத்தார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறி விட்டார்கள். அவரே “ஒண்ணுமில்லே, வாயு. எல்லாரும் போய்ப் படுங்கோ” என்றாராம். விடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, அது ராத்திரியே வந்த மாரடைப்பு என்றார்கள். பெரியம்மா வீடு திரும்பவில்லை.

நேரம் கழித்துச் சாப்பிட்டதால்தான் மாரடைப்பு வந்தது என்று நான் சொல்லவில்லை. அது வேறு நோய், இது வேறு நோய். ஆனால் 30 வருஷம் ஒவ்வொரு பண்டிகைக்கும் மார்பு எரிந்து எரிந்து, அது சகஜம் என்று அவருக்கும் தோன்றி விட்டது, வீட்டிலிருந்தவர்களுக்கும் தோன்றி விட்டது. அதனால் வந்தது வேறு என்று யாருக்கும் தெரியவில்லை. சாதாரண நெஞ்செரிச்சலை வீட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். அது இல்லாத வீட்டில், புதிதாக ஒரு வலி வந்தால் உடனே தெரியும்.

ஆகவே சகோதரிகளே, இதை மட்டும் மறக்க வேண்டாம். மார்பில் அழுத்தம் அல்லது வலியோடு வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றல், இடது கை, தாடை, முதுகு இவற்றில் பரவும் வலி இருந்தால் அது நெஞ்செரிச்சல் என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பெண்களுக்கு மார்பு வலி அதிகமில்லாமல் வாந்தி வருகிற மாதிரி உணர்வும், மேல் வயிற்று வலியும், காரணமில்லாத களைப்புமாகக் கூட மாரடைப்பு வரலாம். இஞ்சிச் சாறு, சோடா என்று நேரத்தைப் போக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நஷ்டமில்லை.

முதல் பந்தி யாருக்கு?

பெரியம்மா போன வருஷத்துக்கு அடுத்த தீபாவளியிலிருந்து என் மாமியார் ஒரு சட்டம் போட்டார். ஸ்வாமிக்கு நைவேத்தியம் ஆனதும் முதல் பந்தியில் உட்கார வேண்டியவர்கள் சமைத்தவர்கள்; கூடவே குழந்தைகள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடுகிற வயதானவர்கள். மற்றவர்கள் பரிமாற வேண்டும். ஆண்களும்தான்!

சின்ன மாமனார் முதலில் முணுமுணுத்தாராம், “பொம்மனாட்டிகள் முதல்ல உக்காரறதாவது!” என்று. மாமியார் விடவில்லை. “அடுப்புல நின்னவா பசியோட நிக்கணும்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு? எழுதியிருந்தா எடுத்துண்டு வாங்கோ, படிச்சுப் பார்க்கறேன்” என்றாராம். இந்த வருஷம் அதே சின்ன மாமனார் இடுப்பில் துண்டைக் கட்டிக் கொண்டு எங்களுக்கு ரசம் விட்டார். “இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோம்மா” என்று உபசாரம் வேறு!

அன்றைய எங்கள் கிரமத்தைச் சொல்கிறேன். விடிகாலை 4 மணிக்கு எண்ணெய் ஸ்நானம். ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ விசாரிப்பெல்லாம் முடிந்து, சுண்டைக்காய் அளவு லேகியம், அதன் மேல் வெந்நீர். அரை மணி கழித்து ஆளுக்கு ஒரு இனிப்பு, ஒரு கை ஓமப்பொடி. அவ்வளவுதான், டப்பா மூடி விடுவார்கள். “பட்சணம் எங்கேயும் ஓடிப் போகாது. 10 நாளைக்கு வெச்சுண்டு சாப்பிடலாம்” என்பது மாமியாரின் வாதம். 7 மணிக்கு எல்லோருக்கும் இட்லி, கும்பகோணத்துக்கே உரிய கடப்பாவுடன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் கடப்பாவுக்கு ஈடு கிடையாது. இட்லிக்குப் பிறகுதான் காபி. நாள் முழுவதுக்கும் இரண்டே காபி. நடுவில் யாராவது கேட்டால் சீரகத் தண்ணீரோ, நீர்மோரோ.

முதல் பந்தி 11-30க்கு. இலையில் எல்லாம் உண்டு, ஆனால் எல்லாம் அளவாக. வறுவல் ஒன்றே ஒன்று. கறி தேங்காய் போட்டு வதக்கியது, ரசம் புளிப்புக் கம்மி. கடைசியில் தயிருக்குப் பதில் மோர். வயிற்றில் கொஞ்சம் இடமிருக்கும்போதே எழுந்திருக்க வேண்டும் என்பது விதி. மெள்ள மென்று சாப்பிட முடிந்ததற்குக் காரணம், எங்களை யாரும் ‘அதைக் கொண்டா, இதைக் கொண்டா’ என்று கூப்பிடவில்லை.

சாப்பிட்டதும் கும்பகோணம் கொழுந்து வெற்றிலை. 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை இது. மெல்லியதாக, காரம் குறைவாக, வாயில் கரைகிறது. வெற்றிலையோடு துளி சுண்ணாம்பு தடவிக் கொண்டு பாக்கை மட்டும் எங்கள் வீட்டில் இப்போது விட்டு விட்டோம். பாக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மகாமகக் குளத்தைச் சுற்றி

சாப்பிட்டவுடன் ஊஞ்சலில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுவதுதான் பண்டிகையின் பரம சுகம் என்று என் கணவர் சொல்வார். இந்த வருஷம் அவரையும் தூங்க விடவில்லை. ஊஞ்சலில் உட்காரலாம், சாயக் கூடாது. சாயந்திரம் தூறல் நின்றதும் எல்லோருமாக மகாமகக் குளத்துக்கு நடந்தோம்.

பரந்து விரிந்த குளம். கரையைச் சுற்றி 16 மண்டபங்கள். தஞ்சை நாயக்க மன்னர்களின் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் கட்டியவை என்று சொல்கிறார்கள். குளத்துக்குள்ளே 20 தீர்த்தக் கிணறுகள். 12 வருஷத்துக்கு ஒரு முறை வரும் மகாமகத்துக்கு எல்லாப் புண்ணிய நதிகளும் இங்கே வந்து சேர்வதாக ஐதிகம். சென்ற மகாமகம் 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். கூட்டமில்லாத ஒரு சாயங்காலத்தில் கரையோடு மெள்ள ஒரு சுற்று வந்தால் மனசும் லேசாகிறது, வயிறும் லேசாகிறது. வேக நடை வேண்டாம். வம்பு பேசிக் கொண்டே நடக்கிற நடை போதும். அதற்கு நமக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன!

ராத்திரிச் சாப்பாடு 7 மணிக்கு. ரசம் சாதம், சுட்ட அப்பளம், மோர் சாதம். படுக்கப் போனது 10-30க்கு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதை இந்த வீட்டில் மந்திரம் போல் சொல்கிறார்கள். எரிச்சல் உள்ளவர்கள் இடது பக்கமாகப் படுத்தால் நல்லது. அப்படிப் படுத்தால் இரைப்பை தாழ்வாகவும் மதகு மேலாகவும் அமையும். மாமியாரின் கட்டிலில் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மட்டும் மரக்கட்டை வைத்து 6 அங்குலம் உயர்த்தியிருக்கிறார்கள். தலையணைகளை அடுக்கிக் கொள்வதில் அந்தப் பலன் கிடையாது. கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு இன்னும் நசுங்கும்.

உப்பில்லாமல் உண்டவர்

மறுநாள் ஒப்பிலியப்பன் கோயிலுக்குப் போனோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருநாகேஸ்வரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். இந்தக் கோயிலின் கதை நம்மைப் போன்றவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மார்க்கண்டேய மகரிஷி துளசிச் செடியடியில் கண்டெடுத்து வளர்த்த பெண்ணைப் பெருமாள் கிழவர் வேஷத்தில் வந்து பெண் கேட்டார். “இவள் சின்னப் பெண், சமையலில் உப்புப் போடக் கூடத் தெரியாதே” என்று தகப்பனார் தயங்கினார். “உப்பில்லாமல் சமைத்தாலும் சாப்பிடுகிறேன்” என்று சொல்லிக் கல்யாணம் செய்து கொண்டாராம். இன்றைக்கும் இங்கே நைவேத்தியத்தில் உப்புக் கிடையாது. பிரசாதத்தை வாயில் போட்டுப் பார்த்தால், உப்பில்லை என்பது முதல் விள்ளலில் தெரிகிறது. இரண்டாவது விள்ளலில் மறந்து போகிறது. காரமும் புளிப்பும் உப்பும் தூக்கலாக இருந்தால்தான் ருசி என்று நாக்கு பிடிவாதம் பிடிப்பதெல்லாம் வெறும் பழக்கம்தான்.

எங்களோடு நாத்தனாரின் பெண்ணும் வந்திருந்தாள். ஏழு மாதம். “மாமி, தண்ணி குடிச்சாக் கூட நெஞ்சு எரியறது. பாப்பாவுக்கு நிறைய முடி இருக்கும்னு எல்லாரும் சொல்றா” என்றாள். பாவம், முடிக்கும் எரிச்சலுக்கும் முடிச்சுப் போட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்லி விடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோனே அந்த மதகைத் தளர்த்துகிறது. வளர்கிற குழந்தையும் இரைப்பையை மேலே தள்ளுகிறது. காரணம் இவ்வளவுதான். பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு சரியாகி விடும். அது வரை மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்து ஆறு வேளையாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டின் நடுவில் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் இடையிடையே குடிக்கலாம். இடது பக்கம் படுக்கலாம். லேகியமோ, ஆப்ப சோடாவோ, கடை மாத்திரையோ எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மேல் வயிற்றில் வலியோடு தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தால் அது ரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

அன்று அவளுக்கு வண்டியிலேயே ஒரு டப்பாவில் இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் வைத்திருந்தோம். கோயிலில் வரிசை நீண்டபோதும் அவள் வாடாமல் இருந்தாள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஒருவருக்கு ஒத்துக் கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக் கொள்ளாது. எனக்குத் தக்காளி ரசம் ஆகாது. என் ஓர்ப்படிக்குத் தக்காளி ஒன்றும் செய்யாது, மாலைக் காபிதான் எதிரி. பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எரிச்சல் வந்த நாளில் என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம் என்று குறித்துக் கொண்டே வாருங்கள். பத்துப் பதினைந்து நாளில் திருடன் அகப்பட்டு விடுவான்.

சோடா குடித்தால் ஏப்பம் வந்து சுகமாக இருக்கும். ஆனால் அந்த வாயு வயிற்றை உப்ப வைத்து அமிலத்தை இன்னும் மேலே தள்ளும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் வேண்டாம். அதில் உப்புச் சத்து அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. பால் குடித்தால் அந்த நேரத்துக்குக் குளிர்ச்சி. பிறகு அமிலம் மறுபடி சுரக்கும். தலைவலி, மூட்டுவலி மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிச்சல், விழுங்கும்போது அடைப்பு அல்லது வலி, காரணமில்லாமல் உடல் இளைப்பு, கறுப்பாக மலம், வாந்தியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் போதாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை, இந்தக் கட்டுரையைப் படித்து விட்டு நிறுத்தி விடவும் கூடாது.

எங்கள் வீட்டுத் தீபாவளி மருந்து

மந்தத்துக்கு மருந்து வேண்டும் என்பவர்களுக்கு மாமியாரின் அளவு இதோ.

தனியா 2 டேபிள் ஸ்பூன், ஓமம் 1 டேபிள் ஸ்பூன், சீரகம் 1 டேபிள் ஸ்பூன், மிளகு 2 டீஸ்பூன், சுக்கு விரல் நீளத் துண்டு 1, அரிசித் திப்பிலி 10, கண்டந்திப்பிலி 4 குச்சி, சித்தரத்தை சின்னத் துண்டு 1, பொடித்த வெல்லம் 1 கப், நெய் கால் கப், நல்லெண்ணெய் 2 டேபிள் ஸ்பூன், தேன் 2 டேபிள் ஸ்பூன்.

சுக்கையும் சித்தரத்தையையும் நசுக்கிக் கொண்டு, மருந்துச் சாமான் எல்லாவற்றையும் வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி, பொடித்துச் சலிக்கவும். பொடியை ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்து மை போல் அரைக்கவும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அடி கனமான வாணலியில் கொதிக்க விட்டு, அரைத்த விழுதைச் சேர்த்துக் கிளறவும். நடுநடுவே நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கொண்டே வந்தால், சுருண்டு கையில் ஒட்டாத பதம் வரும். இறக்கி, நன்றாக ஆறிய பிறகு தேன் கலந்து பாட்டிலில் எடுத்து வைக்கவும்.

பெரியவர்களுக்குச் சுண்டைக்காய் அளவு போதும். தேன் சேர்வதால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நாக்கில் தடவக் கூடக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வெல்லத்தை நினைவில் வைத்துக் கொள்ளவும். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

லேகியம் கிளற நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, கடையில் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் அடுத்த பண்டிகைக்கு உங்கள் வீட்டில் இலை போடும்போது, முதல் வரிசையில் உங்களுக்கும் ஓர் இலை போடச் சொல்லுங்கள். யாரும் தானாக முன்வந்து சொல்ல மாட்டார்கள்; எங்கள் வீட்டில் மாமியார் சொன்னார், உங்கள் வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.